கோல் காத்த இருவர்

திருமலைக்குச் செல்வோர் பங்காரு வாகிலி எனப்படும் பொன்வாயிலைக் கடந்தே திருமுன் செல்கின்றனர். அவ்வாயிலின் இருபுறமும் ஜயனும் விஜயனும் காவல் நிற்கின்றனர். செல்வோர் கண்கள் யாவும் கருவறையை நாடி நிற்கும். காவலரை நின்று நோக்குவோர் மிகச் சிலரே. காவல் தொழிலின் இயல்பு அது. நன்கு காக்கப்பட்ட வாயிலில் சொல்லத்தக்க நிகழ்ச்சி ஒன்றும் நேர்வதில்லை.

கால்பந்தாட்டத்தின் வரலாறும் இவ்வாறே எழுதப்பட்டு வருகிறது. கோல் அடித்தவரின் பெயரும், அடித்த நிமிடமும் ஏட்டில் ஏறுகின்றன. அடிக்கவிடாமல் தடுத்தவரின் செயலுக்கு ஏட்டில் இடம் இல்லை. கோலின் அகலம் 24 அடி. உயரம் 8 அடி. இந்த 192 சதுர அடி வெளியை ஒரே மனிதர் காக்க வேண்டும். முன்களத்தில் ஆடுபவர் ஐந்து முறை குறி தவறி, ஆறாம் முறை பந்தைப் புகுத்தினால் அவர் வீரர். கோல்கீப்பர் ஐந்து முறை காத்து ஆறாம் முறை தவறினால், அந்த ஒரு தவறே ஊரெங்கும் பேச்சாகிறது. இத்தகைய தொழிலை மேற்கொண்டு, ஒரே காலத்தில், வெவ்வேறு நாடுகளில் புகழெய்திய இருவரைப் பற்றியே இங்குப் பேச எண்ணுகிறேன். ஒருவர் ருஷ்யாவின் லெவ் யாஷின். மற்றவர் நம் நாட்டின் பீட்டர் தங்கராஜ்.

தங்கராஜ் 1935 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஹைதராபாத்தில் பிறந்தவர். தமிழ்ப் பெயர் தாங்கிய ஒருவர் நிஜாமின் தலைநகரிற் பிறந்தது வியப்பன்று. செகந்திராபாத்தின் படைக் குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வந்தன. அந்த நகரில் பந்தாட்டம் தழைத்திருந்த காலம் அது. ஹைதராபாத் நகரப் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அந்த அணியைப் பழக்கியவர் சையத் அப்துல் ரஹீம் என்னும் ஆசிரியர். இந்திய அணியையும் அவரே பயிற்றுவித்தார். இந்தச் சூழலில், செகந்திராபாத்தின் சிறு சங்கங்களில் தங்கராஜ் பந்தாடக் கற்றார்.

1953 ஆம் ஆண்டு அவர் இராணுவத்திற் சேர்ந்தார். சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் வாழும் தமிழர்க்கு அந்த ஆண்டு வேறொரு வகையிலும் நினைவிருக்கும். அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் தோன்றியது. அதுவரை சென்னை மாநிலத்தைச் சார்ந்திருந்த சித்தூர் மாவட்டம் புதிய மாநிலத்திற் சேர்ந்தது. நாட்டின் எல்லைக் கோடுகள் மொழியை ஒட்டி வரையப்பட்டு வந்த அந்நாளில், தங்கராஜ் சேர்ந்த மெட்ராஸ் ரெஜிமெண்டு தமிழர், தெலுங்கர், மலையாளிகள், கன்னடர் ஆகிய யாவரையும் ஒரே அணிவகுப்பில் நிறுத்தியது. அதன் பயிற்சி நிலையம் நீலகிரியில், குன்னூரை அடுத்த வெல்லிங்டனில் உள்ளது.

அங்கு அவர் முதலில் கோல் காக்கவில்லை; கோல் அடிக்கும் நடு முன்களத்தில் ஆடினார். பின்னரே கோல் கம்பங்களுக்கிடையே சென்று நின்றார். ஆறடிக்கு மேற்பட்ட உயரமும், அதற்கேற்ற நீண்ட கைகளும் அவருக்கு இருந்தன. உயர்ந்து வரும் பந்தைப் பிறர் தலையால் எட்டுவதற்கு முன் அவர் கையாற் பற்றிவிடுவார். முன்களத்தில் ஆடிப் பழகியவராதலின், எதிரி எங்கே பந்தைச் செலுத்த எண்ணுவான் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும் அன்றோ? மெட்ராஸ் ரெஜிமெண்டு நிலைய அணி 1955 ஆம் ஆண்டிலும் 1958 ஆம் ஆண்டிலும் தில்லியில் டூரண்டு கோப்பையை வென்றது. இரு வெற்றிகளிலும் தங்கராஜுக்குப் பங்கு உண்டு. 1960–61 ஆம் ஆண்டில் அவர் தலைமையில் படைத்துறையினரின் சர்வீசஸ் அணி சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றியது.

இனி ருஷ்யரைப் பார்ப்போம். லெவ் யாஷின் 1929 ஆம் ஆண்டு அக்டோபர் 22 ஆம் நாள் மாஸ்கோவில் ஒரு தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது அவர் பள்ளிச் சிறுவர். ஆடவர் போர்முனைக்குச் சென்றுவிட்டமையால் தொழிற்சாலைகளில் சிறுவரும் வேலை செய்ய நேர்ந்தது. யாஷினும் பதின்மூன்று வயதளவில் தொழிற்சாலைக்குள் நுழைந்தார். பிற்காலத்தில் மாஸ்கோவின் டைனமோ சங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது. தம் வாழ்நாள் முழுவதும் அவர் ஆடியது அந்த ஒரே சங்கத்திற்காகத்தான்.

தொடக்கம் இனிதாக இருக்கவில்லை. 1950 ஆம் ஆண்டு ஸ்டாலின்கிராடு அணியுடன் நடந்த ஒரு நட்பு ஆட்டத்தில், எதிரணியின் கோல்கீப்பர் தம் கோலடியிலிருந்தே பந்தை ஓங்கி உதைத்தார். அதைப் பிடிக்க ஓடிய யாஷின் தம் அணியினர் ஒருவர் மேலேயே மோதிக்கொள்ள, பந்து தரையில் எழும்பிக் கோலுக்குள் சென்றது. ஒரு கோல்கீப்பர் மற்றொரு கோல்கீப்பருக்கு அடித்த கோல்! அவ்வளவில் அவர் ஆட்டம் முடிந்தது என்றே பலரும் நினைத்திருப்பர். முதல் அணியில் நிலையான இடம் கிடைக்க அவர் மூன்றாண்டுக் காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று. சங்கம் அவரைத் துரத்திவிடவில்லை. காத்திருந்த காலத்தில் அவர் பனித்தரை ஹாக்கியில் கோல் காத்தார்; 1953 ஆம் ஆண்டு சோவியத் ஹாக்கிக் கோப்பையை வென்ற டைனமோ அணியில் அவரும் ஒருவர். அதன் பின்னரே கால்பந்து அணியில் அவர் காலூன்றினார்.

யாஷினுக்கு முன் கோல்கீப்பர் என்பவர் பெரும்பாலும் கோல் கோட்டின் மேல் நின்று, வந்த பந்தைத் தடுப்பவர். யாஷின் கோட்டை விட்டு முன்னே வந்தார். பந்து கோலை நோக்கிப் பறக்கும்வரை காத்திராமல், ஆபத்து உருவாகும் இடத்திற்கே சென்று அதைக் கலைத்தார். பிடிக்க இயலாத பந்தை முட்டியால் குத்தித் தள்ளினார். பின்கள ஆட்டக்காரரை உரத்த குரலில் இடம் பார்த்து நிறுத்தினார். பந்து கைக்கு வந்ததும் தம் அணியினரிடம் விரைந்து எறிந்து, தற்காப்பையே தாக்குதலின் தொடக்கமாக்கினார். கருநிற உடையில் எங்கும் நீளும் கைகளைக் கண்டவர்கள் அவரைக் கருஞ்சிலந்தி என்றே அழைத்தனர்.

இருவர் பாதைகளும் 1956 ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் அருகருகே வந்தன. அதற்கு முந்திய ஆண்டு மாஸ்கோ சென்ற இந்திய அணி, ருஷ்யரிடம் பதினொன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றிருந்தது. அந்தத் தோல்வியின் சுவடு ஆறுமுன் நம்மவர் ஒலிம்பிக் பந்தயங்களுக்குப் புறப்பட்டனர். கோல்கீப்பர்களாகச் சென்றவர்கள் தங்கராஜும் நாராயணும். அந்த நவம்பர் முதல் நாளன்றுதான் தெலுங்கானாவும் ஆந்திரமும் இணைந்து ஆந்திரப் பிரதேசம் உருவாயிற்று. சித்தூரும் ஹைதராபாத்தும் ஒரே மாநிலத்தின் ஊர்களாயின. அந்நிலை 2014 வரை நீடித்தது.

மெல்போர்னில் இந்தியா ஆஸ்திரேலியாவை நாலுக்கு இரண்டு என்று வென்று அரையிறுதிக்குச் சென்றது. நெவில் டிசூசா அவ்வாட்டத்தில் மூன்று கோல்கள் அடித்தார். அரையிறுதியில் யூகோஸ்லாவியாவிடமும், மூன்றாம் இடத்திற்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் நாம் தோற்றோம். அதே பல்கேரியாவை அரையிறுதியிலும், அதே யூகோஸ்லாவியாவை இறுதியிலும் வென்று ருஷ்யர் தங்கப் பதக்கம் பெற்றனர். இறுதி ஆட்டத்தில் ருஷ்யர் அடித்தது ஒரே ஒரு கோல். யாஷின் காத்த கோலில் பந்து புகவில்லை. அந்த ஒரு கோலே தங்கமாயிற்று. நான்காம் இடம் பெற்ற நம் அணிக்கும் அது பெரும் சிறப்பே. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா எய்திய உச்சம் அதுவே.

1960 ஆம் ஆண்டு யாஷின் பாரிஸ் நகரில் முதல் ஐரோப்பியக் கோப்பையைத் தம் நாட்டிற்கு ஈட்டித் தந்தார். அவ்வாண்டே ரோமாபுரி ஒலிம்பிக்கில் தங்கராஜ் இந்தியாவின் கோலைக் காத்தார். வலிமை மிக்க ஹங்கேரி ஒரே கோல் வித்தியாசத்தில் நம்மை வென்றது. பிரான்ஸுடன் ஆடிய ஆட்டம் சமநிலையில் முடிந்தது.

1962 ஆம் ஆண்டு இருவர் வாழ்விலும் முக்கியமானது. சிலி நாட்டில் நடந்த உலகக் கோப்பையில் ருஷ்ய அணி கொலம்பியாவை நாலுக்கு ஒன்று என்று முந்தி நின்றது. பின்னர் கொலம்பியர் மூன்று கோல்கள் அடித்துச் சமன் செய்தனர். அவற்றுள் ஒன்று மூலையிலிருந்து உதைத்த பந்து எவர் மேலும் படாமல் நேரே கோலுக்குள் சென்றது. அடுத்த சுற்றில் சிலியிடம் தோற்று ருஷ்யர் வீடு திரும்பினர். பழி முழுவதும் யாஷின் தலையில் விழுந்தது. முப்பத்திரண்டு வயதில் அவர் காலம் முடிந்தது என்று எழுதினர். ஆனால் அவர் மீண்டும் களம் இறங்கினார். 1963 ஆம் ஆண்டு ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரருக்குரிய தங்கப் பந்து விருது அவருக்குக் கிடைத்தது. இன்றுவரை அவ்விருதைப் பெற்ற கோல்கீப்பர் அவர் ஒருவரே.

சிலியில் யாஷின் தோற்ற அதே ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர்த் திங்கள்களில், ஜகார்த்தாவில் ஆசியப் பந்தயங்கள் நடந்தன. இஸ்ரேலும் தைவானும் அழைக்கப்படாததைக் குறித்து இந்தியப் பிரதிநிதி சோந்தி எழுப்பிய கேள்வியால் அந்நகர மக்கள் நம்மவர்மேல் சினம் கொண்டிருந்தனர். முதல் ஆட்டத்தில் தென் கொரியா நம்மை வென்றது. தொடக்க ஆட்டங்களில் கோல் காத்தவர் பிரத்யுத் பர்மன். இறுதி ஆட்டத்தில் மீண்டும் அதே தென் கொரியாவைச் சந்திக்க நேர்ந்தபோது, ரஹீம் தங்கராஜைக் கோலில் நிறுத்தினார். தலையில் தையலிட்ட காயத்துடன் ஜர்னயில் சிங் முன்களத்தில் ஆடினார். பி. கே. பானர்ஜியும் ஜர்னயிலும் முதற் பாதியிலேயே ஆளுக்கு ஒரு கோல் அடித்தனர். எஞ்சிய நேரம் முழுவதும், ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் எதிர்த்து முழங்க, அந்த முன்னிலையைக் காப்பதே வேலையாயிற்று. கடைசி நிமிடங்களில்தான் கொரியர் ஒரு கோல் அடித்தனர். இரண்டுக்கு ஒன்று என்று இந்தியா தங்கம் வென்றது. அடித்த இருவர் பெயரும் இன்றும் சொல்லப்படுகின்றன. அந்த நீண்ட காவல் நேரத்தை எந்தப் பட்டியலும் காட்டுவதில்லை.

அடுத்த ஆண்டு ஜூன் திங்களில் ரஹீம் புற்றுநோயால் மறைந்தார். தங்கராஜ் தொடர்ந்து ஆடினார். கல்கத்தாவின் முகம்மதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்று பெரும் சங்கங்களுக்கும் அவர் கோல் காத்தார். 1967 ஆம் ஆண்டு அரசு அவருக்கு அர்ஜுனா விருது வழங்கியது. ஓய்வுக்குப் பின் இளைஞரைப் பழக்குவதிலே காலத்தைச் செலவிட்டு, 2008 ஆம் ஆண்டு நவம்பர் 24 ஆம் நாள் பொக்காரோ எஃகு நகரில் காலமானார். யாஷின் 1971 இல் ஆட்டத்தினின்று ஓய்வு பெற்றார். நோயினால் ஒரு காலை இழந்து, 1990 மார்ச் 20 ஆம் நாள் மறைந்தார். 2019 முதல் உலகின் சிறந்த கோல்கீப்பருக்கு ஆண்டுதோறும் அளிக்கப்படும் விருது யாஷின் பெயரையே தாங்கியுள்ளது.

இருவரையும் ஒரே தட்டில் நிறுத்துப் பார்ப்பது என் நோக்கமன்று. இருவர் வாழ்விலும் பொதுவான ஒன்றைச் சுட்டவே இவ்வளவும் கூறினேன். இருவரும் பிறவியிலேயே கோல்கீப்பராக வந்தவர் அல்லர். ஒருவர் தொழிற்சாலையிலிருந்து வந்தார். மற்றவர் கோல் அடிக்கும் இடத்திலிருந்து வந்தார். ஒருவரைச் சங்கமும் மற்றவரைப் படையும் பொறுமையுடன் வைத்துக் காத்தன. முதல் தவறுக்காக யாஷினைத் தள்ளியிருந்தால் மெல்போர்னின் தங்கம் இல்லை. தங்கராஜின் உயரத்தைக் கண்டு இடம் மாற்றித் தராதிருந்தால் ஜகார்த்தாவின் காவல் வேறாக இருந்திருக்கலாம். காவலனைக் காப்பதற்கும் ஒருவர் வேண்டும்.

ரோமாபுரிக்குப் பிறகு இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறவே இல்லை. காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றை நம் ஊர்ப் பள்ளி மைதானத்திலேயே காணலாம். பிள்ளைகள் அணி பிரிக்கும்போது, ஆடத் தெரியாதவன் என்று கருதப்படும் சிறுவனைக் கடைசியில் கோலில் நிறுத்துகின்றனர். முதல் பந்து உள்ளே புகுந்ததும் அவனை வைது அனுப்புகின்றனர். சித்தூரிலோ திருப்பதியிலோ அவ்வாறு நிறுத்தப்படும் சிறுவனைக் காணும் ஆசிரியர்கள், அடுத்த ஆட்டத்திலும் அவனையே அங்கு நிறுத்துவார்களாக. காவல் கைவர மூன்றாண்டும் ஆகலாம். யாஷினுக்கு அவ்வளவு ஆயிற்று.