சாம்பல் கண்ணாடியாக்கம்

சாம்பல் கண்ணாடியாக்கம் என்பது கழிவு எரியுலைகளில் எஞ்சும் நச்சுச் சாம்பலை உருக்கி, கண்ணாடி போன்ற கசடாக மாற்றும் முறை ஆகும். எரியுலைப் புகையை வடிகட்டும்போது சேரும் பறக்கும் சாம்பலில் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களும் டையாக்சின்களும் செறிந்திருக்கும். அதனை அப்படியே புதைத்தால் உலோகங்கள் மழைநீரில் கரைந்து நிலத்தடி நீரை அடையக்கூடும்.

செயல்முறை

சாம்பல் ஏறத்தாழ 1,300 பாகை செல்சியசு அல்லது அதற்கு மேற்பட்ட வெப்பநிலையில் உருக்கப்படுகின்றது. அப்போது டையாக்சின்கள் சிதைகின்றன. எளிதில் ஆவியாகாத உலோகங்கள் கண்ணாடியினுள் சிறைப்படுகின்றன. ஆனால் உலோகங்கள் அழிவதில்லை. ஈயம், காட்மியம் ஆகியவற்றின் பெரும்பகுதி ஆவியாகி, புகை குளிரும்போது மீண்டும் தூசாகப் படிகின்றது. எனவே இத்தூசையும் தனியே பிடித்துப் பதப்படுத்த வேண்டும்.

பயன்பாடு

ஜப்பானில் இம்முறை பரவலாகப் பயன்படுத்தப்பட்டது. கசடு சாலை அமைக்கவும் உதவியது. எனினும் எரிபொருள், மின்சாரச் செலவு மிகுதியால் பல உருக்குலைகள் பின்னர் நிறுத்தப்பட்டன.