பழைய வண்டிக்கு எந்த எண்ணெய்?

நண்பர் ஒருவர் போர்டு நிறுவனத்தின் பழைய 'மாடல் டி' மோட்டார் வண்டியொன்றை வாங்கினார். அதன் யந்திரத்திற்கு எந்த எண்ணெய் ஊற்றலாம் என்று என்னைக் கேட்டார். "கடையில் இருப்பவற்றுள் உயர்ந்ததை ஊற்றுங்கள்" என்றேன் நான். ஒரு மாதத்திற்குள் முதல் பிஸ்டன் தண்டின் தாங்கி உருகிப் போயிற்று. பேரிங் என்று பட்டறையில் சொல்கிறார்களே, அதுதான். என் விடையில் என்ன பிழை என்று அறிய, வரலாற்றைப் புரட்ட வேண்டியதாயிற்று. மாணவ நேயர்களுக்கும் அது பயன்படலாம்.

மாடல் டி, 1908-ஆம் ஆண்டு முதல் 1927 வரை அமெரிக்காவில் ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்யப்பட்ட வண்டி. அதன் யந்திரத்தில் எண்ணெயைத் தள்ளப் பம்பு கிடையாது, வடிகட்டியும் கிடையாது. பின்புறம் சுழலும் கனத்த சக்கரம் தொட்டியில் தோய்ந்து எண்ணெயை மேலே வாரி இறைக்கும். அதில் ஒரு பங்கு சிறு புனலில் விழுந்து, மெல்லிய குழாய் வழியே தன் பாரத்தாலேயே முன்புறம் ஓடும். பிஸ்டன் தண்டுகளின் அடிமுனைகள், பள்ளங்களில் நிற்கும் எண்ணெயை அடித்துத் தெறிக்கச் செய்யும். இறைக்க ஒரு சக்கரம், பாய ஒரு வாய்க்கால், அவ்வளவே ஏற்பாடு. எண்ணெயின் அளவை அறிய வண்டிக்கடியில் படுத்து, தொட்டியிலுள்ள இரண்டு சிறு திருகுகுழாய்களைத் திறந்து பார்க்க வேண்டும்!

இந்த வாய்க்காலில் தடித்த எண்ணெய் எளிதில் பாயாது. ஆகவேதான் போர்டு நிறுவனத்தார் தம் கைப்புத்தகத்தில் மெல்லிய, உயர்தர எண்ணெயையே விதித்தனர். இன்னொரு காரணமும் உண்டு. கிளச்சுத் தட்டுகளும் அதே எண்ணெயில்தான் மூழ்கியிருந்தன. குளிர்காலக் காலையில் எண்ணெய் இறுகினால் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றுபவர்மீதே, யந்திரம் உயிர்பெற்றவுடன், வண்டி ஊர்ந்து வரும். இதற்கு அஞ்சிப் பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்கிவைத்துவிட்டே பலர் கைப்பிடியைத் தொட்டார்கள்.

'மெல்லிய', 'தடித்த' என்ற சொற்களுக்கு அளவு வேண்டாமா? 1911-இல் அமெரிக்க மோட்டார்ப் பொறியாளர் சங்கம் எண்ணெய்களைத் தடிப்பின்படி வகுத்தது. இன்றும் எண்ணெய்க் குப்பிகளில் காணும் எஸ்.ஏ.இ. எண்கள் அந்த வகுப்பின் வழிவந்தவை. ஆனால் எண் தடிப்பை மட்டுமே சொல்லும். எண்ணெயில் கலந்துள்ள மருந்துகளைச் சொல்லாது. நான் ஏமாந்த இடம் இதுதான்.

மாடல் டி காலத்து எண்ணெயில் அழுக்ககற்றும் மருந்து இல்லை. கரியும் தூசும் அடியிலே வண்டலாகப் படிந்தன. 1930-களுக்குப் பின் வந்த எண்ணெய்கள் அழுக்கைப் படியவிடாமல் தம்முடன் சுமந்து செல்கின்றன; வடிகட்டி அதனைப் பிடித்துக்கொள்கிறது. நண்பரின் யந்திரத்திலோ பல்லாண்டு வண்டல் இருந்தது, வடிகட்டி இல்லை. புதிய எண்ணெய் தன் கடமையைச் செவ்வனே செய்து வண்டலைப் பெயர்த்தது. பெயர்ந்த கட்டி அந்த மெல்லிய குழாயை அடைத்துவிட்டது.

இதனால் பழைய வண்டிகளுக்குப் புதிய எண்ணெயே ஆகாது என்று சாதிப்பவர்கள் உண்டு. அது எனக்கு உடன்பாடன்று. பிரித்துச் சுத்தம் செய்த யந்திரத்திற்குப் புதிய எண்ணெய் மிக நல்லது. வடிகட்டி இல்லாமையால் அடிக்கடி மாற்ற வேண்டும், அவ்வளவே. 1950-களின் வண்டிகளுக்கு வேறு கவலை. அவற்றின் வால்வுகளை இயக்கும் உறுப்புகள் ஒன்றையொன்று அழுத்தி உராய்பவை. துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மருந்து அவற்றைத் தேயாமல் காக்கும். புகையைத் தூய்மை செய்யும் கருவியைப் பாஸ்பரஸ் கெடுப்பதால், இக்காலக் கார் எண்ணெய்கள் பலவற்றில் அம்மருந்தைக் குறைத்துவிட்டார்கள்.

நண்பரின் யந்திரத்தைப் பிரித்தபோது வண்டலைக் கரண்டியால் வழித்தெடுத்தோம். தாங்கிக்கு வெள்ளீயக் கலவையைப் புதிதாக வார்த்தோம். இப்போது வண்டி ஓடுகிறது. நண்பர் என்னிடம் யோசனை கேட்பதில்லை. வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டே எண்ணெய்க் கடைக்குப் போகிறார்.