அவையோர் எழுந்தால்

வலியவன் எளியவனை வருத்துதல் பள்ளிக்கூடங்களுக்குப் புதிதன்று. வகுப்பின் கடைசிப் பலகையிலும், விடுதியின் இருட்டிலும், இன்று கைபேசித் திரையிலும் அது நிகழ்கின்றது. இந்நோய்க்கு நாடகம் மருந்தான வரலாற்றைச் சிறிது கூற விழைகின்றேன்.

நான் பூதலூரைச் சேர்ந்தவன். எங்கள் தஞ்சைத் தரணிக்கு இரணியன் கதை பழஞ்செல்வம். சிற்றூர்களில் இரணிய நாடகமாகவும், மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டிப் பாகவத மேளாவாகவும் அது நடிக்கப்பெறும். மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரியார் தெலுங்கில் இயற்றிய 'பிரகலாத சரித்திரம்' அங்கே புகழ்பெற்றது. பக்திக் கதையே எனினும், மற்றொரு கண்கொண்டு நோக்குங்கள். ஆற்றல் மிக்க ஒருவன் ஒரு சிறுவனை வதைக்கின்றான். ஏவலர் பணிகின்றனர், தாய் லீலாவதி கலங்குகின்றாள், தடுப்பார் எவருமில்லை. காண்போர் நெஞ்சமும் பதைக்கின்றது. ஆயினும் தூண் பிளக்கும்வரை அவர்கள் அமர்ந்தே இருக்கின்றனர்.

அங்ஙனம் அமர்ந்திருந்த அவையோரை எழுப்பியவர் பிரேசில் நாட்டு நாடக அறிஞர் அகுஸ்தோ போவால் (1931–2009). 1971இல் சிறைப்பட்டுப் பின் நாடு நீங்கிய அவர், 1973இல் பெரு நாட்டில் எழுத்தறிவுப் பணியில் ஈடுபட்டார். அக்காலத்தே முளைத்ததுதான் மன்ற நாடகம். கொடுமையே வெல்வதாக முடியும் சிறு நாடகம் ஒன்று முதலில் நடிக்கப்பெறும். பின்னர் அதனையே மீண்டும் தொடங்குவர். இம்முறை அவையோருள் எவரும் 'நிறுத்துக' என்று கூறி மேடையேறலாம். துன்புறுவோன் இடத்தில் நின்று மாற்றுவழி ஒன்றைச் செய்து காட்டலாம். அவ்வழி பயன் தருமா என்பதை மேடையே சோதித்துவிடும். வங்காளத்துச் சிற்றூர்களில் சஞ்சய் கங்குலி 1985இல் தொடங்கிய 'ஜன சன்ஸ்கிருதி' இக்கலையை வளர்த்தது. பல நாட்டுப் பள்ளிகளும் மாணவரிடை நிகழும் கொடுமையை எதிர்க்க இதனைக் கைக்கொண்டன.

நமக்கு இது தொலைவான செய்தியன்று. 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங் கொடுமையால் உயிரிழந்தார். 1997இல் தமிழ்நாடு ராகிங்கைத் தடைசெய்யும் சட்டம் இயற்றிற்று. ஈராண்டுவரை சிறையும் 10,000 ரூபாய்வரை அபராதமும் விதித்தது. சட்டம் வேண்டியதே. ஆயினும் அது பெரும்பாலும் தீங்கு நேர்ந்த பின்னரே வருகின்றது. தீங்கு நேரும் கணத்தில் அருகில் நிற்பவன் உடன் பயிலும் தோழனே.

அவன் வாய்மூடி நிற்பது கல்நெஞ்சால் அன்று. என்ன சொல்வது, எங்ஙனம் சொல்வது என்று பழகாமையால். நீச்சலை ஆற்றில் இறங்கியே பழகுகின்றோம். துணிவுக்கும் அத்தகைய துறை ஒன்று வேண்டும். உங்கள் பள்ளி ஆண்டுவிழா மேடையை அதற்குத் துறையாக்குங்கள். அங்கே ஒருமுறை 'நிறுத்து' என்று உரக்கச் சொன்னவனுக்கு, விடுதித் தாழ்வாரத்தில் அச்சொல் எளிதாய் வரும்.