வந்த சனமும் வாய்க்கால் தண்ணியும்

"வெளியிலிருந்து வாறவையை ஏற்கிறீங்களா?" எண்டு வன்னியில ஒரு கருத்துக்கணிப்பு வைச்சா, 'ஓம்' எண்டு சொல்லுற ஆக்கள்தான் கூட இருப்பினம் எண்டு நினைக்கிறன். அந்தப் பதிலை நம்புறதுக்கு முதல் காணியைப் பாருங்கோ.

1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கியது. 1958, 1977 வன்செயல்களுக்குப் பிறகு பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியேறின. கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் வைத்தியர் ராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் அவர்களுக்குக் கைகொடுத்தது. 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். யூலையில் வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் ராஜசுந்தரம் கொல்லப்பட்டார்.

அரசு செய்ததைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறம். எங்கட பக்கத்தைப் பற்றித்தான் பேசேல்ல.

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் கிடைச்சது பெரும்பாலும் முன்னமே யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடியேற்றவாசிகளுக்கு. (அவையளும் வந்தவைதான், அதை ஒருத்தரும் சொல்லிக்காட்டுறேல்ல.) பிந்தி வந்த மலையகச் சனத்துக்கு மிஞ்சினது வாய்க்கால் தண்ணி ஏறாத மேட்டுக்காணியும், மற்றவையின்ர வயலில கூலி வேலையும். மலையாளபுரம், பாரதிபுரம் பக்கம் போனால் இது கண்ணுக்குத் தெரியும். காணிப் பத்திரம் இல்லாத குடும்பங்களுக்குப் போருக்குப் பிறகு வந்த வீட்டுத்திட்டமும் சிக்கலாயிற்று.

முள்ளிவாய்க்கால் வரை எல்லாரோடயும் சேர்ந்து நடந்த சனம் இது. 'தோட்டக்காட்டார்' எண்ட சொல் மட்டும் இன்னும் போகேல்ல. கலியாணம் பேச வெளிக்கிட்டா "சொந்த இடம் எது?" எண்டு கேப்பினம். "கிளிநொச்சி" எண்டால், "அது சரி, அதுக்கு முதல்?"