கொல்லிமலையில் நின்று விண்வெளி நிலையம் வழியாகப் பேச முடியுமா? ஹாம் ரேடியோ சாட்டிலைட் எப்படி வேலை செய்கிறது?

கொல்லிமலை என்றதும் 70 கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், மிளகு, அன்னாசி என்று எல்லோரும் லிஸ்ட் போடுவார்கள். அந்த மலையின் வானத்தில் ஒரு நாளைக்கு நாலைந்து முறை சர்வதேச விண்வெளி நிலையம் எழுந்து மறைகிறது என்பது பலருக்குத் தெரியாது. அதற்குள் ஹாம் ரேடியோக்காரர்களுக்காகவே ஒரு ரிப்பீட்டர் இருக்கிறது. லைசென்ஸ் உள்ள ஒருவர் வாக்கி டாக்கி சைஸில் ஒரு செட்டையும் மீன் முள் மாதிரி இருக்கும் சின்ன ஆன்டெனாவையும் பிடித்துக்கொண்டு பேசினால், அந்தக் குரல் 400 கிலோமீட்டருக்கு மேலே போய்த் திரும்பி, டெல்லியிலும் கொழும்பிலும் கேட்கும். செல்போன் டவர் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம், ரீசார்ஜும் வேண்டாம்.

கேட்க ஏதோ சினிமா மாதிரி இருக்கும். ஆனால் இது 60 வருஷத்துக்கும் மேலாக நடக்கிற விஷயம்.

ஹாம் ரேடியோவுக்கு எதற்கு சாட்டிலைட்?

ஹாம் ரேடியோ என்றால் பொழுதுபோக்குக்காகவும் கற்றுக்கொள்வதற்காகவும் அரசு அனுமதியோடு நடத்தும் தனிநபர் வானொலி நிலையம். வியாபாரம் பேசக் கூடாது, பாட்டு போடக் கூடாது. ஒவ்வொருவருக்கும் உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத ஓர் அழைப்புக் குறி உண்டு. இந்தியர்களுடையது பெரும்பாலும் 'வியூ' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும்.

சின்ன செட்களில் பயன்படும் 145, 435 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அலைகள் நேர்கோட்டில்தான் போகும். நடுவில் மலையோ பூமியின் வளைவோ வந்தால் அவ்வளவுதான். நாமக்கல்லில் இருந்து டெல்லிக்கு அந்த செட்டில் நேரடியாகப் பேச முடியாது. இரண்டு ஊருக்கும் தெரிகிற மாதிரி உயரத்தில் ஒரு ரிப்பீட்டர் இருந்தால் முடியும். அந்த உயரமான இடம்தான் சாட்டிலைட்.

சோவியத் யூனியன் 1957 அக்டோபர் 4-ல் ஸ்புட்னிக்கை ஏவியபோது, அதன் 'பீப் பீப்' சத்தத்தை உலகம் முழுக்க ஹாம்கள் கேட்டார்கள். நாலே வருஷத்தில், 1961 டிசம்பர் 12 அன்று, அமெரிக்க ஹாம்கள் தாங்களே செய்த ஆஸ்கார்-1 சாட்டிலைட் வானத்துக்குப் போய்விட்டது. ஐந்து கிலோகூட இல்லாத அந்தப் பெட்டி மோர்ஸ் குறியீட்டில் 'ஹாய்' என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னது. சுமார் மூன்று வாரம் உயிரோடு இருந்தது. ராணுவமும் அரசும் மட்டுமே தொட முடியும் என்றிருந்த விண்வெளியில், வீட்டு கேரேஜில் சாலிடரிங் பிடித்தவர்களும் நுழைந்த கதை அது.

மலை மேலே போனால் சிக்னல் நல்லா கிடைக்குமா?

உயரமான இடத்துக்குப் போனால் சாட்டிலைட்டுக்குக் கிட்டே போய்விடலாம் என்று தோன்றும். கணக்குப் போட்டால் சிரிப்புதான் வரும். கொல்லிமலை கடல் மட்டத்தில் இருந்து ஒரு கிலோமீட்டர் சொச்சம் உயரம். சாட்டிலைட் 400 கிலோமீட்டருக்கு மேலே. தலைக்கு நேர் மேலே வரும்போது செம்மேட்டுக்கும் சேந்தமங்கலத்துக்கும் பெரிய வித்தியாசமே கிடையாது.

மலையின் லாபம் வேறு இடத்தில் இருக்கிறது: தொடுவானம். சாட்டிலைட் ஒரு பக்கம் தொடுவானத்தில் எழுந்து மறுபக்கம் இறங்க அதிகபட்சம் பத்து நிமிடம் ஆகும். சுற்றிலும் கட்டடம் சூழ்ந்த சேலத்துத் தெருவில் நின்றால் அடிவானத்தில் 15 டிகிரி வரை மறைந்துவிடும். 15 டிகிரிதானே என்று நினைக்கக் கூடாது; அதிலேயே பாதி நேரம் போய்விடும், பத்து நிமிடம் ஐந்தாகிவிடும். தூரத்து ஊர்களோடு பேசும் வாய்ப்பும் அந்த அடிவானத்தில்தான் இருக்கிறது. சோளக்காடு பக்கம் சீக்குப்பாறை மாதிரி மலை விளிம்பில் நின்றால் சமவெளிப் பக்கத் தொடுவானம் மொத்தமும் திறந்து கிடக்கும்.

ஆனால் கொல்லிமலை முழுக்க இப்படி இல்லை. உள்ளே பள்ளத்தாக்கில் இருக்கும் ஊர்களில் சுற்றியுள்ள முகடுகளே வானத்தைத் தின்றுவிடும். அங்கே நிற்பதைவிட நாமக்கல் மொட்டை மாடி மேல். இன்னொரு லாபமும் உண்டு, அது பெரும்பாலும் பேசப்படுவதில்லை: நகரத்தில் எல்இடி பல்பு, மொபைல் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாமே ரேடியோ இரைச்சலைக் கொட்டும். மலையில் அது குறைவு. பலவீனமான சிக்னலைக் கேட்பதற்கு இந்த அமைதிதான் முக்கியம்.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது?

விண்வெளி நிலையம் மணிக்கு சுமார் 27,600 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கொல்லிமலைக்கு நேர் மேலே இருக்கும் கணத்தில், அதைச் சுற்றி 2,200 கிலோமீட்டர் வரை உள்ள எல்லோருக்கும் அது தெரியும். டெல்லி, குவாஹாட்டி, இலங்கை முழுவதும் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். நடுவில் வங்கக் கடலுக்கு மேல் சரியான இடத்தில் வந்தால் கோலாலம்பூரும் சிங்கப்பூரும்கூட எட்டும்.

செட்டில் 145.990 மெகாஹெர்ட்ஸில் பேச வேண்டும், பதில் 437.800-ல் வரும். பேசும் அலைவரிசையில் 67 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றும் சேர்ந்து போனால்தான் ரிப்பீட்டர் திறக்கும். ஒரு சிக்கல் உண்டு. வளைவில் எதிரே வரும் பஸ்ஸின் ஏர் ஹாரன், கிட்டே வரும்போது கூர்மையாகவும் தாண்டிப் போனதும் மந்தமாகவும் கேட்குமே, அதே டாப்ளர் விளைவு ரேடியோவிலும் உண்டு. சாட்டிலைட் எழும்போது 437.810 பக்கம் கேட்க வேண்டும், தலைக்கு மேலே 437.800, மறையும்போது 437.790. ஒரு கையில் ஆன்டெனாவைச் சாட்டிலைட் போகும் பக்கமெல்லாம் திருப்பிக்கொண்டே, மறு கையில் இந்த எண்ணையும் மாற்ற வேண்டும். செம்மேட்டில் வில்லோடு நிற்கும் வல்வில் ஓரி சிலை மாதிரிதான் தூரத்தில் இருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

ஒரே நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். அதனால் நலம் விசாரிக்கவெல்லாம் நேரமில்லை. அழைப்புக் குறி, இடக் குறியீடு, நன்றி. முடிந்தது. இடக் குறியீடு என்பது உலகத்தையே கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்த முறை. கொல்லிமலை இருக்கும் கட்டம் எம்கே91, சென்னை என்கே03. பெரு நகரங்களின் கட்டங்கள் அடிக்கடி காற்றில் கேட்கும். ஆள் குறைவான கட்டத்தில் இருந்து குரல் வந்தால் மற்றவர்கள் விழுந்தடித்துக்கொண்டு பதில் சொல்வார்கள்.

விண்வெளி வீரர்களே பேசுவதும் உண்டு, ஆனால் அது பெரும்பாலும் முன்கூட்டித் திட்டமிட்ட பள்ளி நிகழ்ச்சிகளில். 2025 ஜூலை 4 அன்று, ஆக்ஸியம்-4 பயணத்தில் இருந்த சுபான்ஷு சுக்லா, பெங்களூரு யு.ஆர்.ராவ் சாட்டிலைட் மையத்தில் கூடியிருந்த மாணவர்களோடு ஹாம் ரேடியோவில்தான் பேசினார்.

இந்தியாவுக்குச் சொந்தமாக இருந்த ஹாம்சாட்

2005 மே 5. ஸ்ரீஹரிகோட்டாவின் இரண்டாவது ஏவுதளத்தில் இருந்து கிளம்பிய முதல் ராக்கெட் பிஎஸ்எல்வி-சி6. அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அங்கே இருந்தார். பெரிய பயணி கார்ட்டோசாட்-1. கூடவே 42.5 கிலோ எடையில் ஹாம்சாட். உலக ஹாம்கள் அதற்கு வைத்த பெயர் விஓ-52.

அதில் இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள் இருந்தன. ஒன்று இந்திய ஹாம்கள் வடிவமைத்தது. இன்னொன்றை உருவாக்கியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த ஓர் இன்ஜினீயரிங் மாணவர், அவரும் ஹாம். விண்வெளி நிலையத்து ரிப்பீட்டர் மாதிரி 'ஒரு நேரத்தில் ஒருவர்' என்ற கட்டுப்பாடு இதில் கிடையாது. பல பேர் பக்கத்துப் பக்கத்து அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசிக்கொள்ளலாம். ரிசீவரும் நல்ல உணர்திறனோடு இருந்ததால் ஐரோப்பாவிலும் இதற்கு ரசிகர்கள் உண்டு.

இரண்டு வருஷம் ஓடும் என்று நினைத்து அனுப்பியது ஒன்பது வருஷம் ஓடியது. 2014 ஜூலை 11-ல் பேட்டரி போனதால் நின்றது. அந்த அளவுக்கு எல்லோரும் தினமும் பயன்படுத்திய இந்திய ஹாம் சாட்டிலைட் அதற்குப் பிறகு வரவில்லை. விண்வெளித் துறையில் இவ்வளவு தூரம் வந்துவிட்ட நாட்டுக்கு இது கொஞ்சம் உறுத்தலான விஷயம்தான்.

பேட்டரி போனால் கதை முடிந்ததா என்றால், ஏஓ-7 என்ற சாட்டிலைட் மட்டும் ஒத்துக்கொள்ளாது. 1974-ல் ஏவப்பட்டது. 1981-ல் பேட்டரி ஷார்ட் ஆகிச் செத்துப்போனது. 21 வருஷம் கழித்து, 2002 ஜூனில் திடீரென்று அதன் சிக்னல் கேட்டது. ஷார்ட் ஆன இடம் தானாகவே விட்டுப்போய், சோலார் பேனல் மின்சாரம் நேரடியாகப் பாய ஆரம்பித்திருந்தது. வெயில் இருந்தால் வேலை செய்யும், பூமியின் நிழலுக்குள் போனால் அணையும், வெளியே வந்தால் மறுபடி முளைக்கும். அரை நூற்றாண்டு வயது அதற்கு.

பேசுவதைவிடக் கேட்பது ஏன் முக்கியம்?

ஏஓ-7 உயிர்த்தெழுந்ததைக் கண்டுபிடித்தது அரசு நிறுவனம் இல்லை, சும்மா கேட்டுக்கொண்டிருந்த ஒரு ஹாம். இந்தப் பொழுதுபோக்கின் நிஜமான பலன் இங்கேதான் இருக்கிறது.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 40 கிலோ அனுசாட் 2009 ஏப்ரல் 20-ல் போனது. எஸ்ஆர்எம் மாணவர்களின் எஸ்ஆர்எம்சாட் 2011 அக்டோபர் 12-ல், ஒன்றரைக் கிலோ சத்யபாமாசாட் 2016 ஜூன் 22-ல், கன்னியாகுமரி மாவட்டம் நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் நியூசாட் 2017 ஜூன் 23-ல். சென்னை ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா 750 மாணவிகளோடு சேர்ந்து செய்த ஆசாதிசாட், 2022 ஆகஸ்ட் 7-ல் எஸ்எஸ்எல்வியின் முதல் பயணம் தவறான பாதையில் முடிந்ததால் வீணானது. 2023 பிப்ரவரி 10-ல் ஆசாதிசாட்-2 சரியாகப் போய்ச் சேர்ந்தது.

இப்படிப்பட்ட சின்ன சாட்டிலைட்டுகள் பல ஹாம் அலைவரிசையிலேயே பீக்கன் அனுப்புகின்றன. 'நான் உயிரோடுதான் இருக்கேன், பேட்டரி இவ்வளவு, சூடு இவ்வளவு' என்று விட்டு விட்டு வரும் சிக்னல் அது. கல்லூரியிடம் இருப்பது ஒரே ஒரு தரை நிலையம். அதற்குச் சாட்டிலைட் தெரிவது நாளைக்குச் சில பத்து நிமிடங்கள்தான். மீதி நேரம் அது பசிபிக்குக்கு மேலேயோ அமெரிக்காவுக்கு மேலேயோ இருக்கும். ஏவிய முதல் சில மணி நேரத்தில், முகம் தெரியாத யாரோ ஒருவர் ஜப்பானிலோ பிரேசிலிலோ கேட்டுப் பதிவு செய்து அனுப்பினால்தான் மாணவர்களுக்குத் தங்கள் பிள்ளை பிழைத்ததா இல்லையா என்றே சீக்கிரம் தெரியும். அதேபோல வேறு நாட்டு மாணவர்களின் சாட்டிலைட் தென்னிந்தியாவுக்கு மேலே போகும்போது கேட்க இங்கே ஆள் வேண்டும்.

இதை ஒழுங்குபடுத்தத்தான் கிரீஸைச் சேர்ந்த லிப்ரே ஸ்பேஸ் ஃபவுண்டேஷன் 'சாட்நாக்ஸ்' என்ற வலைப்பின்னலை நடத்துகிறது. தன்னார்வலர்கள் வீட்டு மாடியில் ஆன்டெனாவும் சின்னக் கம்ப்யூட்டரும் வைப்பார்கள். சாட்டிலைட் வரும் நேரத்தில் அது தானாகவே கேட்டுப் பதிவு செய்து எல்லோருக்கும் பொதுவில் வைத்துவிடும்.

கேட்டே பெரிய ரகசியத்தை உடைத்தவர்களும் உண்டு. இங்கிலாந்தின் கெட்டரிங் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் ஜெஃப்ரி பெர்ரி, பழைய ரேடியோவை வைத்து மாணவர்களோடு சோவியத் சாட்டிலைட்டுகளைக் கேட்டுவந்தார். ஒரு சாட்டிலைட்டின் பாதை வழக்கமான ஏவுதளத்தோடு பொருந்தவில்லை. 1966-ல் அவர்கள் பிளெசெட்ஸ்க் என்ற ரகசிய ஏவுதளம் இருப்பதை உலகுக்குச் சொன்னார்கள். 2018 ஜனவரியில் கனடாவின் ஸ்காட் டில்லி வேறொரு சாட்டிலைட்டைத் தேடும்போது, 2005 முதல் தொடர்பில்லாமல் போயிருந்த நாசாவின் 'இமேஜ்' சாட்டிலைட் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டார். நாசாவே பிறகு அதை உறுதி செய்தது.

பேரிடரில் உதவுமா?

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். 2004 சுனாமியின்போது அந்தமானில் இருந்து செய்தி அனுப்பியதில் ஹாம்களின் பங்கு பெரியது. ஆனால் அது சாட்டிலைட் வழியாக இல்லை, நீண்ட தூரம் போகும் சிற்றலையில். நாளைக்குச் சில பத்து நிமிடம் மட்டும் கிடைக்கும் சாட்டிலைட்டை நம்பி மீட்புப் பணி நடத்த முடியாது. மழையில் மலைப் பாதை துண்டானால் சிற்றலையும் உள்ளூர் ரிப்பீட்டரும்தான் முதலில் கைகொடுக்கும்.

ஒரு விதிவிலக்கு, கத்தாரின் எஸ்ஹெயில்-2 சாட்டிலைட்டில் இருக்கும் கியூஓ-100. 2018 நவம்பர் 15-ல் ஏவப்பட்ட இது 36,000 கிலோமீட்டர் உயரத்தில் அசையாமல் நிற்பது போலத் தெரியும். பிரேசில் முதல் தாய்லாந்து வரை 24 மணி நேரமும் கிடைக்கும். கொல்லிமலையில் இருந்து பார்த்தால் மேற்கு வானத்தில் சுமார் 29 டிகிரி உயரத்தில் இருக்கும். கேட்பதற்கு வீட்டு டிடிஎச் தட்டு மாதிரி ஒரு தட்டு போதும்.

எப்படி ஆரம்பிப்பது?

முதலில் கேட்டுப் பார்ப்பதுதான் நல்லது. கம்ப்யூட்டரில் செருகும் எஸ்டிஆர் டாங்கிள் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. சாட்டிலைட் எப்போது, எந்தத் திசையில் எழும் என்பதை ஹெவன்ஸ் அபவ், ஜிபிரெடிக்ட் மாதிரி இலவச மென்பொருள்கள் நொடி சுத்தமாகச் சொல்லும். விண்வெளி நிலையம் அவ்வப்போது 145.800 மெகாஹெர்ட்ஸில் படங்களை ஒலியாக மாற்றி அனுப்பும். அந்தச் சத்தத்தைச் செல்போன் ஆப் ஒன்றுக்குக் கேட்கக் கொடுத்தால் ஒவ்வொரு வரியாகப் படம் விரியும். விண்வெளி நடை, விண்கலம் இணையும் நாட்களில் ரேடியோவை அணைத்துவிடுவார்கள் என்பதால் முதல் நாளே கேட்கவில்லை என்று சோர்ந்துபோக வேண்டாம்.

பேசுவதற்கு லைசென்ஸ் கட்டாயம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தேர்வு நடத்துகிறது. 12 வயது நிரம்பியிருந்தால் எழுதலாம். அடிப்படை மின்னணுவியல், விதிமுறைகள் என இரண்டு பகுதி. தொடக்க நிலைக்கு மோர்ஸ் தேர்வு கிடையாது. இந்தியாவில் ஹாம்களுக்கு 144 முதல் 146, 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரை அனுமதி உண்டு. பெரும்பாலான ஹாம் சாட்டிலைட்டுகள் பேசுவது அந்த இரண்டு பட்டைகளுக்குள்தான்.