ஸ்டார்ட் ஆகுது, உடனே நின்னுடுது... ஜெனரேட்டரில் பெட்ரோல் கோளாறா? மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இதையெல்லாம் பாருங்க!

வடகிழக்குப் பருவமழை தொடங்கி முதல் புயல் எச்சரிக்கை வந்ததும்தான், மூலையில் கிடக்கும் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் பலருக்கும் ஞாபகம் வரும். கயிற்றைப் பிடித்து இழுத்தால் அசையாது. அப்படியே ஸ்டார்ட் ஆனாலும் சோக் போட்டிருக்கும் வரை ஓடி, சோக்கை எடுத்ததும் நின்றுவிடும்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது சென்னையின் பல பகுதிகளிலும் கரன்ட் இல்லாமல் நாள்கணக்கில் தவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரை நம்பியிருக்கும் நோயாளி உள்ள வீட்டில், மிஷின் ஓடுமா ஓடாதா என்பதை மழைக்கு முன்பே தெரிந்துகொள்வது அவசியம்.

தொட்டி மேலேயும் கார்புரேட்டர் கீழேயும் இருக்கும் சாதாரண 4 ஸ்ட்ரோக் ஜெனரேட்டரை வைத்துத்தான் இங்கே சொல்கிறோம். இதே மாதிரி இன்ஜின் உள்ள பவர் வீடர், தண்ணீர் பம்ப் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

முதலில் இன்ஜின் ஆயில்!

பெட்ரோல் பிரச்சினைன்னு நினைத்து கார்புரேட்டரைக் கழற்றும் பலருக்கும் உண்மையான கோளாறு வேறு இடத்தில் இருக்கும். ஆயில் குறைந்தால் இன்ஜினை ஸ்டார்ட் ஆகவே விடாத சென்சார் பல ஜெனரேட்டர்களில் உண்டு. சமதளத்தில் வைத்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். சுவிட்ச் ஆன் நிலையில் இருக்கிறதா, பெட்ரோல் காக் திறந்திருக்கிறதா, ஏர் ஃபில்டரில் எலி கூடு கட்டியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். எலி விஷயம் ஜோக் இல்லை, மாசக்கணக்கில் சும்மா கிடக்கும் மிஷினில் சகஜமாக நடப்பதுதான்.

ஆயில் அளவு ஏறி, பெட்ரோல் வாசனையும் அடித்தால் மிஷினை ஓட்டவே கூடாது. கார்புரேட்டர் வழியாக பெட்ரோல் கசிந்து ஆயிலில் கலந்திருக்கிறது என்று அர்த்தம். கசிவைச் சரிசெய்து, ஆயிலையும் மாற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

பெட்ரோல் கெட்டுப் போகுமா?

போகும். தொட்டியில் கிடக்கும் பெட்ரோலில் லேசான பகுதிகள் ஆவியாகிவிட, மிச்சம் பிசினாகப் படியும். இப்போது நாம் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அதிகமாகச் சேர்ந்தால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். தொட்டியின் அடியிலிருந்துதானே இன்ஜினுக்குப் போகிறது? முதலில் அதுதான் உள்ளே போகும். பழைய மிஷினின் ரப்பர் டியூப்புகளும் எத்தனாலில் சீக்கிரம் இற்றுப்போகலாம். உங்க மிஷின் எவ்வளவு எத்தனால் தாங்கும் என்பது மேனுவலில் இருக்கும்.

மூடியைத் திறந்து முகர்ந்தால் வழக்கமான வாசனை இல்லாமல் வார்னிஷ் மாதிரி அடிக்கிறதா? அதோடு போராட வேண்டாம். முழுவதும் வடித்துவிட்டு புதிதாக ஒரு லிட்டர் ஊற்றுங்கள்.

பெட்ரோல் இறங்குகிறதா?

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, வெட்டவெளியில்தான் இதைச் செய்ய வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட், விளக்கு எதுவும் கூடாது. காக்கை மூடிவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் டியூப்பைக் கழற்றி ஒரு கண்ணாடி பாட்டிலில் விடுங்கள். காக்கைத் திறந்தால் பெட்ரோல் தடையில்லாமல் கொட்ட வேண்டும்.

சொட்டுச் சொட்டாக வந்தால் காக்கில் இருக்கும் வலையோ டியூப்போ அடைத்திருக்கிறது. முதலில் நன்றாக வந்து, போகப்போகக் குறைந்து, தொட்டி மூடியைத் திறந்ததும் மறுபடி வேகமெடுத்தால் மூடியில் உள்ள காற்றுத் துளைதான் அடைப்பு. அரை மணி நேரம் ஓடி நின்று, கொஞ்ச நேரம் கழித்து தானாகவே ஸ்டார்ட் ஆகும் மிஷினில் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பாட்டிலை ஐந்து நிமிடம் அசையாமல் வைத்தால், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும்.

பெட்ரோல் நன்றாக வருகிறது, ஆனாலும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பத்து முறை இழுத்துவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் இன்ஜினுக்குள் போகவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் போகிறது, கரன்ட் பக்கம் பார்க்கணும், அல்லது சோக் போட்டே இழுத்து இழுத்து பெட்ரோல் அதிகமாகிவிட்டது.

சோக் போட்டால் மட்டும் ஓடுதா? அப்போ ஜெட்தான்

சோக் காற்றைக் குறைக்கும். அப்போது மட்டும் ஓடுகிறது என்றால் பெட்ரோல் பத்தாமல் போகிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் பித்தளை ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கொஞ்சம் பிசின் போதும், அடைத்துவிடும். சத்தம் ஏறி ஏறி இறங்குவதும், லோடு போட்டதும் திணறுவதும் பெரும்பாலும் இதே நோயின் வேறு வேறு முகம்தான்.

காக்கை மூடி, கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றினால் கப் கையோடு வரும். உள்ளே மிதக்கும் ஃப்ளோட்டும் சின்ன ஊசியும் தெரியும், அந்த ஊசி கீழே விழுந்து தொலைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடுத் தண்டுக்குள் மெயின் ஜெட் இருக்கும். பித்தளை மென்மையானது என்பதால் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் வேண்டும். கழற்றிய ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும்.

அடைத்திருந்தால் குண்டூசி, ஸ்டீல் கம்பி எதையும் விட்டுக் குத்தாதீர்கள். துளை பெரிதானால் பெட்ரோல் எப்போதும் அதிகமாகக் குடிக்கும். கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, தூண்டில் நைலான் நரம்பை விட்டு எடுத்தால் போதும். ஸ்ப்ரே கண்ணில் தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கப்பின் ரப்பர் வளையம் பெட்ரோலில் ஊறி பெரிதாகி, திரும்ப உட்காராமல் அடம் பிடிக்கும். புதுசு ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது.

கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிந்துகொண்டே இருந்தால் ஊசியில் தூசு சிக்கியிருக்கும், அல்லது ஃப்ளோட்டில் ஓட்டை விழுந்திருக்கும். ஃப்ளோட்டைக் காதோரம் ஆட்டினால் உள்ளே பெட்ரோல் அலம்பும் சத்தம் கேட்கும்.

இந்த ஸ்க்ரூவைத் திருகாதீங்க

ஓட்டம் சரியில்லை என்று கவர்னர் ஸ்க்ரூவைத் திருகுவது பலருக்கும் பழக்கம். சாதாரண சின்ன ஜெனரேட்டர் நிமிடத்துக்கு சுமார் 3000 சுற்று ஓடினால்தான் 50 ஹெர்ட்ஸ் கரன்ட் வரும். வேகத்தை ஏற்றினால் வோல்டேஜும் ஏறும், ஃப்ரிட்ஜும் டிவியும் போய்விடும். மீட்டர் வைத்திருக்கும் மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை அது.

ரிப்பேர் முடிந்து ஓட்டிப் பார்க்கும்போது

வெளியில் மழை என்று வராண்டாவிலோ, ஷட்டர் போட்ட கடைக்குள்ளோ வைத்து ஓட்டவே கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி, மயக்கம் என்று ஆரம்பித்து, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். ஜன்னல் திறந்திருந்தால் போதும் என்பது தப்பான நம்பிக்கை. வீட்டை விட்டுத் தள்ளி, புகைக்குழாய் கதவு, ஜன்னலைப் பார்க்காதபடி வையுங்கள். வீட்டுப் பிளக் பாயின்ட்டில் ஜெனரேட்டர் வயரைச் சொருகி கரன்ட் கொடுப்பதும் ஆபத்து. மெயின் லைனில் அது திரும்பிப் போய், கம்பத்தில் ஏறியிருக்கும் மின்வாரிய ஊழியரைக் கொல்லும்.

மழைக்காலம் முடிந்து எடுத்து வைக்கும்போது தொட்டியை வடித்துவிட்டு, காக்கை மூடி இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள். கார்புரேட்டர் கப்பின் அடியில் வடிகால் ஸ்க்ரூ இருந்தால் மீதியையும் வடித்துவிடலாம். வடிக்க மனசில்லாதவர்கள் மாதம் ஒருமுறை நாலு ஃபேன் லோடு போட்டு 15 நிமிடம் ஓட்டி வையுங்கள்.