பின் செய்த தாவலும் வெளியே செல்லும் இணைப்பும்

இணையப் பக்கத்தில் ஓர் இணைப்பைச் சொடுக்கினால் அடுத்த பக்கம் எங்கே திறக்க வேண்டும் என்பது உலாவி பிறந்த நாள் முதல் உள்ள கேள்வி. 1990இன் இறுதியில் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய முதல் உலாவி ஒவ்வொரு இணைப்புக்கும் புதிய சாளரம் ஒன்றைத் திறந்தது. 1993இல் வந்த மொசைக், பழைய பக்கம் நின்ற இடத்திலேயே புதியதைக் கொண்டுவந்து வைத்தது. முந்தைய பக்கத்துக்குத் திரும்ப ஒரு பொத்தான் போதும். உலகம் பழகிக்கொண்டது மொசைக்கின் முறைக்குத்தான்.

1996இல் வெளியான நெட்ஸ்கேப்பின் இரண்டாம் பதிப்பு இந்தத் தெரிவைப் பக்கத்தை எழுதுபவரின் கையில் கொடுத்தது. இணைப்போடு ஓர் இலக்கைக் குறித்துவிட்டால் பக்கம் புதிய சாளரத்தில் திறக்கும். விளம்பரக்காரர்கள் இதை விரைவில் பிடித்துக்கொண்டனர். 1999இல் வலை வடிவமைப்பின் பெரும் தவறுகளைப் பட்டியலிட்ட யாக்கோப் நீல்சன், கேளாமல் புதிய சாளரம் திறப்பதையும் அதில் சேர்த்தார். அவ்வாண்டு டிசம்பரில் வந்த எச்டிஎம்எல் 4.01, தனது கண்டிப்பான வடிவத்திலிருந்து அந்த இலக்குப் பண்பை நீக்கியது. ஆனால் எழுதுபவர்கள் அதை விடவில்லை. 2014இல் நிறைவுபெற்ற எச்டிஎம்எல் 5 அதைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது.

சாளரங்களின் நெரிசலுக்கு மருந்தாக வந்தது தாவல். 1994இல் இன்டர்நெட்வொர்க்ஸ் என்ற உலாவியில் அது முளைத்தது. 2001இல் மொசில்லாவும் 2003இல் சஃபாரியும் 2004இல் பயர்பாக்ஸும் அதைப் பரப்பின. 2006இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் ஏற்றது. தொலைபேசிக் கம்பி வழியே இணையம் மெல்ல வந்துசேர்ந்த ஊர்களில் இதன் அருமை அதிகம். ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே நான்கு இணைப்புகளைப் பின்னணியில் இறங்க விட்டுவிடலாம். 2006இன் பயர்பாக்ஸ் 2, புதிய சாளரம் கேட்ட இணைப்புகளையும் இயல்பாகத் தாவலிலேயே திறந்தது. எழுதுபவர் கேட்டதை உலாவி தன் போக்கில் மாற்றிக்கொள்ளலாம் என்பது அங்கே நிலைபெற்றது.

மின்னஞ்சல், நாட்காட்டி போன்றவை நாள் முழுதும் திறந்திருக்கும் வழக்கம் வந்தபின் சில தாவல்களை அசையாமல் வைக்கும் தேவை எழுந்தது. அதுதான் பின் செய்த தாவல். வரிசையின் தொடக்கத்தில் சிற்றுருவம் மட்டும் தெரியும்படி சுருங்கி நிற்கும். மூடும் பொத்தான் இருக்காது. உலாவியை மறுபடி திறந்தாலும் அதே இடத்தில் இருக்கும். பயர்பாக்ஸில் இது 2011 மார்ச்சில் நான்காம் பதிப்போடு, 'செயலித் தாவல்' என்ற பெயரில் வந்தது. சஃபாரி 2015இல் சேர்த்தது.

பழைய கேள்வி இங்கே கூர்மையடைந்தது. மின்னஞ்சலைப் பின் செய்தவர் ஒரு கடிதத்தில் உள்ள இணைப்பைச் சொடுக்கியதும் அதே தாவலில் வேறு தளம் வந்து குடியேறினால், பின் செய்ததற்குப் பொருளே இல்லை. குரோமில் சாதாரண இணைப்பு பின் செய்த தாவலிலேயே திறந்தது. அதைத் தடுக்கவென்றே பலர் நீட்சிகளை நாடினர். பயர்பாக்ஸ் ஒரு விதி வைத்தது. இணைப்பின் தளப்பெயரும் பக்கத்தின் தளப்பெயரும் ஒன்றானால் அங்கேயே திறக்கும். வேறானால் புதிய தாவலுக்குப் போகும். முன்னால் வரும் மூன்று 'டபிள்யூ'க்கள் மட்டும் கணக்கில் இல்லை. கோப்பு இறக்கும் இணைப்புக்கு விலக்கு உண்டு. புத்தகக்குறியைத் தட்டினால் வேறு தளம் புதிய தாவலில் திறக்கும். முகவரிப் பட்டையில் பயனரே தட்டச்சு செய்தால் பின் செய்த தாவலே மாறும். இந்தக் கடைசி வேறுபாடு நியாயமானது. முகவரியைத் தன் கையால் எழுதுபவர் அந்தத் தாவலை மாற்ற எண்ணியே எழுதுகிறார். இணைப்பைத் தொடுபவருக்கு அது எங்கே கொண்டுபோகும் என்பது பெரும்பாலும் தெரியாது.

ஆனால் தளப்பெயரை எல்லையாகக் கொள்வது எவ்வளவு சரி? இலங்கையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். திருகோணமலை மாவட்டத்தின் பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகளில் தம்பலகாமம் ஒன்று. இலங்கையின் பிரதேச செயலகத் தளங்கள் 'டிஎஸ்.கவ்.எல்கே' என்ற பொதுப்பெயரின் கீழும், மாவட்டச் செயலகத் தளங்கள் 'டிஸ்ட்.கவ்.எல்கே' என்பதன் கீழும் ஊர்ப்பெயரை முன்னே சேர்த்து அமைந்தவை. தம்பலகாமம் செயலகத் தளத்தை ஒருவர் பின் செய்து வைத்திருக்கிறார் என்று கொள்வோம். முழுத் தளப்பெயரை ஒப்பிடும் பயர்பாக்ஸ் விதிப்படி அண்டைப் பிரிவான கிண்ணியாவின் பக்கம் புதிய தாவலில் திறக்கும்; அது சரிதான். மேலலுவலகமான திருகோணமலை மாவட்டச் செயலகத்தின் பக்கமும் அப்படியே வெளியே போகும். அலுவலக முறையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இயங்கும் இரண்டு இடங்கள் உலாவிக்கு அந்நியம்.

மாற்றாகச் சொல்லப்படும் வழி, பதிவுசெய்யத்தக்க பெயரளவில் ஒப்பிடுவது. இதற்கு மொசில்லா தொடங்கிய பொதுப் பின்னொட்டுப் பட்டியல் உதவும். 'கவ்.எல்கே' அந்தப் பட்டியலில் உள்ள பொதுப் பின்னொட்டு. ஆகவே அதற்கு முன்னால் நிற்கும் ஒரு சொல் வரை ஓர் உரிமையாளர் என்று கணக்கு. இந்த விதியில் தம்பலகாமமும் கிண்ணியாவும் மூதூரும் மட்டுமல்ல, நாட்டின் மறுகோடியில் உள்ள பிரதேச செயலகமும் ஒரே வீடாகிவிடும். எங்கோ உள்ள ஒரு செயலகத்தின் பக்கம் தம்பலகாமத்துக்கென்று பின் செய்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மாவட்டச் செயலகமோ அப்போதும் வெளியேதான். இரண்டில் கேடு குறைந்தது முழுப்பெயர் விதியே. வேண்டாத தாவல் ஒன்று கூடுதலாகத் திறந்தால் மூடிவிடலாம். பின் செய்த பக்கம் கைநழுவினால், பாதி நிரப்பிய படிவமும் அதோடு போகக்கூடும்.

முழுப்பெயர் விதி திணறும் இடங்களும் உண்டு. பல சேவைகளில் உள்நுழைவுப் பக்கம் வேறு தளப்பெயரில் இருக்கும். 'உள்நுழை' என்ற இணைப்பைத் தொட்டால் அது புதிய தாவலில் திறக்கிறது. கடவுச்சொல் கொடுத்தபின் சேவை அந்தப் புதிய தாவலிலேயே தொடங்குகிறது. பின் செய்த தாவல் பழைய வெளிவாயிலைக் காட்டிக்கொண்டே நிற்கிறது. இதற்கு நேர்மாறானது, வெளி இணைப்பைத் தன் சொந்தப் பெயருக்குள் பொதிந்து தரும் தளம். சொடுக்கும் நேரத்தில் பெயர் ஒன்றாகத் தெரிவதால் உலாவி உள்ளேயே விட்டுவிடுகிறது; சேவையகம் அதன்பின் வேறு தளத்துக்குத் திருப்பிவிடுகிறது. சொடுக்கும்போது மட்டும் பெயரைப் பார்க்கும் விதிக்கு இது பிடிபடாது. திருப்பிவிடுதல் முடிந்தபின் இறுதிப் பெயரைப் பார்த்து, வேறானால் அந்தப் பக்கத்தைப் புதிய தாவலுக்கு நகர்த்துவது ஒரு வழி. அதில் படிவ விவரங்களோடு போகும் கோரிக்கைகளுக்கு விலக்குத் தேவை; பணம் செலுத்தும் படிவம் நடுவழியில் இரண்டு தாவல்களாகப் பிரிந்தால் பரிமாற்றம் குலையலாம்.

புதிய தாவலில் திறப்பதற்கே ஒரு பாதுகாப்புச் சிக்கலும் இருந்தது. அப்படித் திறந்த பக்கம், தன்னைத் திறந்த பக்கத்தைப் பின்னாலிருந்து வேறு முகவரிக்கு மாற்ற முடிந்தது. நாள்கணக்கில் அசையாமல் நிற்கும் தாவலைப் பயனர் ஐயுறமாட்டார் என்பதால் போலி உள்நுழைவுப் பக்கத்துக்கு அது வாய்ப்பான இடம். 2019இல் சஃபாரியும் 2020இல் பயர்பாக்ஸ் 79உம் 2021இல் குரோம் 88உம், புதிய தாவல் கேட்கும் இணைப்புகளில் அந்தத் தொடர்பை இயல்பாகவே துண்டித்தன. பக்கத்தை எழுதுபவர் வேண்டுமென்றே கேட்டால் மட்டும் தொடர்பு இருக்கும்.